கடன் நோட்டீஸ் வந்திருக்கிறது, இனி என்ன? குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வக்கீல் இல்லை. நாகர்கோவிலில் வக்கீல் குமாஸ்தாவாகப் பல வருஷம் கட்டுத் தூக்கியவன். பர்சனல் லோன், கிரெடிட் கார்டு, பைக் லோன், குழுக்கடன், புரோநோட்டு என்று ஏதோ ஒன்றில் தவணை நின்றுபோய், கையில் ஒரு கவரோடு ஆபீஸ் படியேறி வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். உங்கள் கேஸுக்கு என்ன செய்வது என்பதை உங்கள் காகிதங்களைப் பார்த்த வக்கீல்தான் சொல்ல முடியும்.

தபாலில் ஒரு காகிதம் வந்திருக்கிறது. என்மேல் கேஸ் போட்டுவிட்டார்களா?

முதலில் அதை யார் அனுப்பியது என்று பாருங்கள். தொகையை அப்புறம் பார்க்கலாம். கம்பெனி லெட்டர்பேடில் வந்தால் அது டிமாண்டு கடிதம். வக்கீலின் பெயரும் கையெழுத்தும் இருந்து, "எங்கள் கட்சிக்காரர் அறிவுறுத்தலின்பேரில்" என்று தொடங்கினால் அது வக்கீல் நோட்டீஸ். இரண்டுமே கேஸ் இல்லை, கேஸ் வரலாம் என்ற முன்னறிவிப்பு.

சம்மன் வேறு மாதிரி இருக்கும். மேலே கோர்ட்டின் பெயர், ஓ.எஸ். என்று தொடங்கும் ஒரு வழக்கு எண், வாதி யார், பிரதிவாதி யார், நீங்கள் ஆஜராக வேண்டிய தேதி, கோர்ட் முத்திரை, கூடவே பிராதின் (வாதி கொடுத்த வழக்கு மனுவின்) நகல். கோர்ட் ஊழியரான அமீனா நேரில் கொண்டுவருவார், அல்லது தபாலில் வரும். விளவங்கோடு பக்கத்தவருக்கு பெரும்பாலும் குழித்துறை கோர்ட், கல்குளம் பக்கம் பத்மநாபபுரம் அல்லது இரணியல், தோவாளைக்காரர்களுக்கு பூதப்பாண்டி, மற்றபடி நாகர்கோவில்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. மக்களைக் கதிகலங்க வைப்பது அதுதான்: லோக் அதாலத் நோட்டீஸ். சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் பெயர், கோர்ட் வளாக முகவரி, ஒரு சனிக்கிழமைத் தேதி எல்லாம் இருக்கும். வங்கிகள் கேஸ் போடுவதற்கு முன்பே கட்டுக்கட்டாக இதைக் கொடுத்து அனுப்புவார்கள். இதைக் கையில் வைத்துக்கொண்டு "தீர்ப்பு ஆயாச்சா சார்?" என்று கேட்டவர்கள் ஏராளம். ஆகவில்லை. அது பேச்சுவார்த்தைக்கான அழைப்பு. உங்கள் சம்மதம் இல்லாமல் அங்கே எதுவும் முடிவாகாது.

வாட்ஸ்அப்பில் சிங்க முத்திரை போட்ட "கோர்ட் ஆர்டர்" வந்திருக்கிறது. 24 மணி நேரத்தில் கட்டாவிட்டால் கைதாம்.

கட்டாதீர்கள். உண்மையான வழக்கு என்றால் எண் இருக்கும். இகோர்ட்ஸ் செயலியில் 16 எழுத்தும் எண்ணும் கொண்ட சி.என்.ஆர். நம்பரை வைத்தோ, கோர்ட்டைத் தேர்ந்தெடுத்து உங்கள் பெயரை வைத்தோ தேடலாம். அதில் இல்லையென்றால் கோர்ட் அலுவலகத்திலேயே போய்க் கேளுங்கள். எந்தக் கோர்ட்டும் "இந்த யூபிஐ நம்பருக்கு அனுப்பு" என்று சொல்லாது.

தபாலை வாங்காமல் திருப்பி விட்டால் கேஸ் நிற்குமா?

நிற்காது. வாங்க மறுத்தால் சேர்ந்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும். வீட்டில் ஆள் கிடைக்கவில்லை என்றால் கதவில் ஒட்டிவிட்டுப் போகலாம். நீங்கள் ஊரில் இல்லாதபோது வீட்டிலுள்ள வயது வந்த ஒருவர், ஆணோ பெண்ணோ, வாங்கினாலும் செல்லும்.

கடைசியாகச் சொன்னது நம் கடற்கரை ஊர்களில் பெரிய சிக்கல். தூத்தூர் பக்கத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போனால் திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அப்படிப் போயிருந்த ஒருவரின் சம்மனை அவர் மனைவி கையெழுத்துப் போட்டு வாங்கி, பத்திரமாக இருக்கட்டும் என்று பைபிளுக்குள் மடித்து வைத்துவிட்டார். அவர் கரைக்கு வந்து, மீனை விற்று, கணக்கு முடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பைபிளைத் திறந்தபோது வாய்தா தேதி போய் இருபது நாள். பைபிளுக்குள் வைத்ததில் தப்பில்லை. வைக்குமுன் போனில் ஒரு போட்டோ எடுத்து யாருக்காவது அனுப்பியிருக்கலாம். வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களின் வீட்டுக்கும் இதேதான்: வந்த அன்றே படம் எடுங்கள், கவரைக் கிழித்துப் போடாதீர்கள், கவர்மேல் வந்த தேதியைப் பேனாவால் எழுதுங்கள். நாள் கணக்கெல்லாம் அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும்.

வக்கீல் நோட்டீஸுக்குப் பதில் போட்டே ஆக வேண்டுமா?

கட்டாயம் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனாலும் போடுங்கள் என்பேன். பின்னால் கூண்டில் ஏறி "இந்தக் கணக்கு தப்பு" என்று நீங்கள் சொல்லும்போது, "அப்போதே ஏன் சொல்லவில்லை?" என்ற கேள்வி நிச்சயம் வரும்.

பதில் நீளமாக இருக்கத் தேவையில்லை. குடும்பக் கஷ்டத்தை எழுதாதீர்கள். "எப்படியும் கட்டிவிடுவேன், டைம் கொடுங்கள்" என்று அவசரத்தில் எழுதிவிடாதீர்கள். ஏன் என்பது அடுத்த கேள்வியில் இருக்கிறது. இவ்வளவு போதும்:

"தங்கள் நோட்டீஸ் இன்ன தேதியில் கிடைத்தது. அதில் கண்ட தொகையை நான் ஒப்புக்கொள்ளவில்லை. கடன் ஒப்பந்தத்தின் நகல், கடன் வழங்கிய நாள் முதல் இன்றுவரையுள்ள முழுக் கணக்கு விவரம், வட்டியும் பிற கட்டணங்களும் கணக்கிட்ட விதம், கடன் வேறு நிறுவனத்துக்கு மாற்றப்பட்டிருந்தால் அதற்கான ஆவணம் ஆகியவற்றை அனுப்பித் தரவும். அவற்றைப் பார்த்த பிறகு விரிவான பதில் அளிக்கப்படும். என் சட்ட உரிமைகள் எதையும் விட்டுக்கொடுக்காமல் இதை அனுப்புகிறேன்."

ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதை நகலோடு பின் அடித்து வையுங்கள். செக் சம்பந்தமான நோட்டீஸாக இருந்தால் மட்டும் இந்த மாதிரி போதாது. அதற்குத் தனியாக வருகிறேன்.

பழைய கடன். எத்தனை வருஷம் ஆனால் கேஸ் போட முடியாது?

1963ஆம் வருஷத்துக் காலவரம்புச் சட்டப்படி, கைக்கடன், புரோநோட்டு, பர்சனல் லோன், கார்டு பாக்கி போன்ற ஈடில்லாக் கடனுக்குப் பொதுவாக 3 வருஷம். வீடு, நிலம் அடமானம் வைத்த கடன் என்றால் 12 வருஷம்.

3 வருஷம் என்றதும் பலர் கடன் வாங்கிய நாளிலிருந்து விரலை மடக்குகிறார்கள். அது அப்படி இல்லை. தவணைக்கடனில் எந்தத் தவணை எப்போது தவறியது, முழுக்கடனையும் எப்போது திருப்பிக் கேட்டார்கள் என்பதைப் பொறுத்துத் தேதி மாறும். அதோடு, 3 வருஷம் முடிவதற்குள் "இவ்வளவு பாக்கி உண்டு" என்று எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால், அன்றிலிருந்து புதிதாக 3 வருஷம். உங்கள் கையெழுத்தோ எழுத்தோ பதிந்த விதத்தில் ஒரு சிறு தொகை கட்டினாலும் அப்படியே. காலம் முடிந்துபோன கடனுக்குக்கூட, "கட்டுகிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது புது ஒப்பந்தமாக உயிர் பெறும். கலெக்‌ஷன் ஆட்கள் வந்து "ஒரு ஐந்நூறு ரூபாய் கட்டிடுங்கண்ணே, ஃபைலை மூடிடலாம்" என்று பாசமாகப் பேசுவது எல்லா நேரமும் பாசத்தால் அல்ல.

கொரோனாக் காலமும் கணக்கில் வரும். 15.03.2020 முதல் 28.02.2022 வரையுள்ள காலத்தைக் காலவரம்பில் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 10.01.2020 அன்று தொடங்கிய 3 வருஷம் சாதாரணமாக 2023 ஜனவரியில் முடிந்திருக்கும். இந்தக் கழிவைப் போட்டால் 2024 டிசம்பர் கடைசி வரை நீண்டுவிடும். "மூணு வருஷம் எப்பவோ போச்சே" என்று தெம்பாக வந்த ஒருவரிடம் இந்தக் கணக்கைச் சொன்னபோது, அவர் கேட்டிருந்த டீ வந்தும் குடிக்காமல் போனார்.

காலம் கடந்த வழக்கை, பிரதிவாதி சொல்லாவிட்டாலும் கோர்ட் தள்ளுபடி செய்ய வேண்டும் என்பது சட்டம். அதை நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள். எதிருரையில், அதாவது கோர்ட்டில் நீங்கள் எழுத்தில் கொடுக்கும் பதிலில், அதை எழுத வேண்டியது உங்கள் வேலை.

கடன் வாங்கும்போது செக் கொடுத்திருக்கிறேன். அது திரும்பிவிட்டது.

இங்கே நாள்கள் மிகக் குறைவு. செக் திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் அவர்கள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் உங்கள் கைக்கு வந்த 15 நாளுக்குள் செக் தொகையைக் கொடுத்துவிட்டால் குற்றமே ஆகாது. கொடுக்காவிட்டால் அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார் போடலாம். செலாவணி முறிச் சட்டம் 138ஆம் பிரிவு: 2 வருஷம் வரை சிறை, அல்லது செக் தொகையைப்போல் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். வங்கிக்கணக்கிலிருந்து தவணை தானாக எடுக்கும் ஏற்பாடு பவுன்ஸ் ஆனாலும் 2007ஆம் வருஷத்து வேறொரு சட்டத்தில் இதேபோன்ற வழி இருக்கிறது.

"வெறும் செக்தானே கொடுத்தேன், தொகையை அவன்தான் எழுதினான்" என்ற வாதம் தனியாக நிற்காது. கையெழுத்து உங்களுடையது என்றால் கடன் இருந்ததாகவே கோர்ட் முதலில் எடுத்துக்கொள்ளும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கடன் இல்லை, அல்லது அவ்வளவு இல்லை என்று காட்டுவது உங்கள் பொறுப்பு.

செக் கேஸ் ஜாமீனில் வரக்கூடியது, எந்தக் கட்டத்திலும் சமரசம் செய்யலாம். ஆனால் சம்மனுக்குப் போகாமல் இருந்தால் வாரண்ட் வரும். அதோடு, பணம் வாங்க வேண்டியவரின் வங்கிக் கிளை எங்கிருக்கிறதோ அங்கேயும் கேஸ் போகலாம். மார்த்தாண்டத்தில் வாங்கிய கடனுக்குச் சென்னைக்கு ஓட வேண்டி வருவது இப்படித்தான்.

சிவில் சம்மன் வந்துவிட்டது. எத்தனை நாள் இருக்கிறது?

சாதாரண வழக்கு என்றால் சம்மன் கிடைத்த 30 நாளுக்குள் எதிருரை. காரணம் காட்டினால் 90 நாள் வரை கோர்ட் நீட்டலாம். அதற்குமுன் குறிப்பிட்ட வாய்தாவில் வக்கீல் மூலம் வக்காலத்துப் போட்டு ஆஜராகியிருக்க வேண்டும்.

புரோநோட்டு, செக் அல்லது எழுத்து ஒப்பந்தத்தை வைத்துச் சுருக்க வழக்காகப் போட்டிருந்தால் 10 நாளுக்குள் ஆஜராக வேண்டும். அதற்குப்பிறகு தீர்ப்புக்கான சம்மன் வந்தால், அதிலிருந்து 10 நாளுக்குள் வாதாட அனுமதி கேட்க வேண்டும். தவறவிட்டால் வாதி கேட்டபடி டிக்ரி, அதாவது கோர்ட்டின் இறுதி உத்தரவு. சம்மனில் இந்தச் சுருக்க வழக்கைக் குறிக்கும் "37" என்ற எண்ணைப் பார்த்தால் அன்றைக்கே வக்கீலைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் போன் பண்ணுங்கள்.

கடன் வாங்கியது உண்மைதானே, எதிருரையில் என்ன சொல்ல இருக்கிறது?

நிறைய இருக்கிறது. வாங்கியது உண்மையாக இருக்கலாம். கேட்கும் தொகை சரியா? கட்டிய தவணை எல்லாம் வரவு வைக்கப்பட்டிருக்கிறதா? குழுக்கடனில் வாராவாரம் கையில் கொடுத்த பணம் அட்டையில் ஏறி, கம்பெனி கணக்கில் ஏறாமல் போனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த அம்மா அட்டையை அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருந்ததால் தப்பித்தார். தவணை தவறியதற்கு அபராத வட்டி போட்டு, அந்த வட்டிமேல் மறுபடி வட்டி போட்டிருக்கிறார்களா? வங்கிகளும் பதிவுபெற்ற நிதி நிறுவனங்களும் அபராதத்தை வட்டியாக வசூலிக்கவோ அசலில் சேர்க்கவோ கூடாது என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் சொல்லி, அது 2024இல் நடைமுறைக்கு வந்தது. பைக்கைத் தூக்கிக்கொண்டுபோய் விற்றிருந்தால், விற்ற தொகை கழிக்கப்பட்டதா? வழக்குப் போட்ட கம்பெனிதான் உங்களுக்குக் கடன் கொடுத்ததா, அல்லது கடனை விலைக்கு வாங்கிய வேறொன்றா? அதற்குக் காகிதம் காட்டியிருக்கிறார்களா?

இல்லாததைச் சொல்லாதீர்கள். "கையெழுத்தே என்னுடையதல்ல" என்று பொய்யாக எழுதிவிட்டு, வக்காலத்தில் அதே கையெழுத்தைப் போட்டவர்கள் உண்டு. நீதிபதி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

கட்ட வேண்டியது நியாயமாகவே இருந்தால், தவணையில் கட்ட அனுமதிக்கும்படி கோர்ட்டைக் கேட்கலாம். டிக்ரி போடும்போதே தவணை கொடுக்கக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. டிக்ரிக்குப் பிறகு கேட்டால் வாதியும் சம்மதிக்க வேண்டும். அதனால் முன்னாலேயே கேளுங்கள். கடலில் மேற்குக்கரைத் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, ரப்பர் பால் வெட்டு மழையில் நின்றுவிடும் என்பதையெல்லாம் சொல்லி, முடியும் தொகையை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள்.

எனக்குத் தெரியாமலே எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டது.

நீங்கள் ஆஜராகாததால் வந்த ஒருதலைப்பட்ச டிக்ரியை ரத்து செய்ய 30 நாளுக்குள் மனுப் போடலாம். சம்மன் முறையாகச் சேரவில்லை என்றால் அந்த 30 நாள், டிக்ரி பற்றித் தெரிந்த நாளிலிருந்து. தாமதத்தை மன்னிக்கத் தனி மனு உண்டு. அதற்கு நம்பும்படியான காரணம் வேண்டும். கடலில் இருந்தீர்களா, படகின் காகிதம். ஆஸ்பத்திரியா, டிஸ்சார்ஜ் சம்மரி. வெளிநாடா, பாஸ்போர்ட்டில் முத்திரை.

கட்டாவிட்டால் ஜெயிலா?

செக் கேஸ், தானாக எடுக்கும் தவணை பவுன்ஸ் ஆன கேஸ் இரண்டும் தவிர, கடன் கட்ட முடியாமல் போவது குற்றம் இல்லை. போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்துப் பணம் வசூலிக்க யாருக்கும் அதிகாரம் இல்லை.

டிக்ரி ஆனபிறகு நிறைவேற்று மனுவில் (டிக்ரிப் பணத்தை வசூலிக்கப் போடுவது) சிவில் சிறை என்று ஒன்று உண்டு, அதிகபட்சம் 3 மாதம். ஆனால் வசதி இருந்தும் ஏமாற்ற நினைக்கிறார் என்று காட்டினால்தான். வெறும் இல்லாமைக்காக அடைக்கக் கூடாது என்று 1980இல், கேரளத்து வங்கி ஒன்று சம்பந்தப்பட்ட வழக்கில், உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பணத்துக்கான டிக்ரியில் பெண்களைக் கைது செய்யவே முடியாது. இன்னொன்று: உள்ளே இருப்பவரின் சாப்பாட்டுச் செலவை டிக்ரி வாங்கியவர்தான் கட்ட வேண்டும். அதைக் கேட்டதும் பாதிப் பேருக்கு ஆர்வம் போய்விடும்.

எதையெல்லாம் ஜப்தி செய்ய முடியாது?

உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகை (தாலி இதில் வரும்), கைத்தொழில் செய்பவரின் கருவிகள், பி.எஃப். பணம், கூலித்தொழிலாளியின் கூலி. பால் வெட்டுபவரின் கூலியைப் பிடிக்க முடியாது. மாதச் சம்பளக்காரருக்கு முதல் ஆயிரம் ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தப்பும். 25,000 ரூபாய் சம்பளம் என்றால் மாதம் அதிகபட்சம் 8,000 பிடிக்கலாம், அதுவும் ஒரே டிக்ரிக்கு மொத்தம் 24 மாதம்தான். நிலம் இருந்தால் அதன்மேல் கை வைப்பார்கள். டிக்ரி 12 வருஷம் உயிரோடு இருக்கும் என்பதையும் மறக்காதீர்கள்.

ஆர்பிட்ரேஷன் என்று சென்னையிலிருந்து நோட்டீஸ் வருகிறது.

கோர்ட்டுக்குப் பதில் ஒரு நடுவர் விசாரித்துத் தீர்ப்பதுதான் ஆர்பிட்ரேஷன். ஒப்பந்தத்தின் பொடி எழுத்தில் நீங்கள் ஒப்புக்கொண்டது அது. கோர்ட் இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். அந்த நடுவர் தீர்ப்பை டிக்ரி மாதிரியே இங்கே நிறைவேற்றலாம். கம்பெனி தானாகவே நடுவரை நியமித்திருந்தால் அதை எழுத்தில் ஆட்சேபியுங்கள். கடன் கொடுத்தவரே தன்னிஷ்டத்துக்கு நடுவரை நியமிப்பதை 2019 முதல் உச்ச நீதிமன்றம் ஏற்பதில்லை. தீர்ப்பு கையில் வந்தால் எதிர்க்க 3 மாதம், தக்க காரணம் இருந்தால் மேலும் 30 நாள்.

கூட்டுக்காரனுக்கு ஜாமீன் போட்டேன். அவன் கட்டவில்லை.

அவருக்கு உள்ள அதே பொறுப்பு உங்களுக்கும் உண்டு. அவரைக் கேட்டுவிட்டுத்தான் உங்களிடம் வர வேண்டும் என்பதில்லை. நீங்கள் கட்டினால் அவரிடமிருந்து வசூலிக்க உரிமை உண்டு, நட்பு மிஞ்சுமா என்பது வேறு.

அப்பா வாங்கிய கடன். அவர் இறந்துவிட்டார்.

அவர் விட்டுப்போன சொத்து உங்கள் கைக்கு எவ்வளவு வந்ததோ அந்த அளவுக்குத்தான் பொறுப்பு. நீங்கள் சம்பாதித்ததில் இல்லை. புதிய புரோநோட்டில் உங்கள் பெயரில் கையெழுத்து வாங்கப் பார்ப்பார்கள். பதினாறாம் நாள் முடியட்டும், பேசலாம் என்று சொல்லுங்கள்.

ஏஜெண்டுகள் ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்கிறார்கள், சொந்தக்காரர்களையும் அழைக்கிறார்கள்.

காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பிறகும் வசூலுக்காக அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. மைக்ரோ ஃபைனான்ஸ் குழுக்கடனுக்கு இன்னும் குறுக்கி, காலை 9 முதல் மாலை 6 வரைதான். சொந்தக்காரர்களைத் தொந்தரவு செய்வதும் மிரட்டுவதும் கூடாது. அழைப்புகளைப் பதிவு செய்து நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஓம்புட்ஸ்மேனிடம் இலவசமாகப் போகலாம், விவரத்துக்கு 14448. அடிதடி, மிரட்டல் என்றால் காத்திருக்காமல் போலீஸ்.

மீட்டர் வட்டி, தண்டல் வகைக்குத் தமிழ்நாட்டில் 2003ஆம் வருஷத்துக் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது, 3 வருஷம் வரை சிறை. ஆனால் இந்தப் புகார்கள் கடனை ரத்து செய்யாது. புகார் கொடுத்தாயிற்றே என்று வாய்தாவுக்குப் போகாமல் இருக்காதீர்கள்.

வக்கீல் வைக்கக் காசு இல்லை.

பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், குறைந்த வருமானமுள்ளவர்கள் ஆகியோருக்கு இலவச வக்கீல் உண்டு. நாகர்கோவில் கோர்ட் வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் ஒரு மனு, அல்லது 15100க்கு ஒரு அழைப்பு.

லோக் அதாலத்தில் எவ்வளவு சொல்லலாம்?

கையில் இருக்கும் தொகையை விடக் கொஞ்சம் குறைத்துத் தொடங்குங்கள், வங்கிக்காரரும் கூட்டித்தான் தொடங்குவார். ஒரே தடவையாகக் கொடுப்பவருக்குத் தள்ளுபடி அதிகம் கிடைக்கும். கழுத்தில் கிடப்பதை அடகு வைத்துக் கட்டுகிறேன் என்று மட்டும் அங்கே வாய்விடாதீர்கள். கையெழுத்துப் போட்டபின் அந்த முடிவின்மேல் அப்பீல் கிடையாது, தவறினால் டிக்ரியாகவே பின்னால் வரும். எனவே மாதம் 4,000 முடியும் என்றால் 4,000 என்றே எழுதச் சொல்லுங்கள், வீராப்புக்கு 7,000 வேண்டாம்.

பேசி முடித்துப் பணமும் கொடுத்தாயிற்று. இனி ஒன்றும் இல்லையே?

இருக்கிறது. கேஸ் நடந்தால், முடிந்துவிட்டது என்று கோர்ட்டில் மெமோ போட்டார்களா என்று அடுத்த வாய்தாவில் நீங்களே பாருங்கள். டிக்ரிக்குப் பிறகு வெளியே கொடுத்த பணத்தை 30 நாளுக்குள் கோர்ட்டில் பதிய வைக்காவிட்டால், நிறைவேற்றும் கோர்ட் அதைக் கொடுத்ததாகவே பார்க்காது. முழுப் பணமும் கொடுத்து, கைகுலுக்கி, சேர்ந்து சாயா குடித்துவிட்டுப் போன ஒருவரிடம் இரண்டு வருஷம் கழித்து அமீனா வந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

பாக்கி இல்லை என்ற சான்றிதழ், பழைய புரோநோட்டு, நிரப்பாத செக்குகள், பைக் என்றால் ஆர்.சி.யில் கடன் குறிப்பை நீக்கும் படிவம் 35. இதெல்லாம் கைக்கு வந்தபிறகு கடைசித் தவணையை எண்ணிக் கொடுங்கள். முன்னால் கொடுக்கத்தான் வேண்டும் என்றால், என்னென்ன திரும்பித் தருவார்கள் என்று அவர்கள் லெட்டர்பேடில் எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள்.